தைவானை நீயே வச்சுக்கோ மச்சான்

மரக்காணம்,
ஆடி 28.

தோஹா மாநகரில் நட்சத்திர ஓட்டல் விருந்துக்கூடத்தில் பணிபுரியும் அன்புத் தம்பி தமீம் அன்சாரிக்கு, மரக்காணம் உப்பளத்திலிருந்து உன் அண்ணன் சக்கரபாணி எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகள் சரண்யாவும் நலம். அவ்விடம் உன் நலமும், உன் ரத்தக் கொதிப்பின் நலமும், உன்னைப் படுத்தும் அந்த மேனேஜரின் மனநிலையும் அறிய ஆவல். உன் அண்ணன் பஷீர் அஹமது பாய் கடையில் டீ முன்பு போலவே இருக்கிறது. வடை மட்டும் கொஞ்சம் சிறுத்துவிட்டது. நிற்க.

இந்த வாட்ஸ்அப் காலத்தில் அண்ணன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். 'உலக அரங்கம் - மரக்காணம் கிளை' என்ற நம் குரூப்பிலிருந்து என்னை நீக்கி இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. நீக்கியவன் அட்மின், அதாவது என் மச்சான் புருஷோத்தமன். போன் பண்ணலாம் என்றால் என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் காது இருக்கிறது என்று தெரியவில்லை. உன் அண்ணனோ போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு டீ ஆற்றுகிறவர். ஆகவே லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்பும் ஹம்தான் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூட ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் இருக்கிறது. ஊறுகாயை ரூமில் எல்லாருக்கும் கொடு, கடிதத்தை யாருக்கும் காட்டாதே.

நீ ஊரை விட்டுப் போய் ரொம்ப வருஷம் ஆச்சு, அதனால நிலவரத்தை முதல்லேர்ந்து சொல்றேன். என் உப்பளமும் புருஷோத்தமன் உப்பளமும் பக்கத்துப் பக்கம். எனக்கு உப்புத் தண்ணி அவன் வாய்க்கால் வழியாத்தான் வரணும். அவன் உப்பு மூட்டை என் வரப்பு வழியாத்தான் ரோட்டுக்குப் போகணும். அவன் தங்கச்சி ஞானாம்பாளை எனக்குக் குடுத்தான், என் தங்கச்சி மலர்கொடியை அவனுக்கு நான் குடுத்தேன், ஒரே பந்தல்ல ஒரே முகூர்த்தத்துல. இருபத்தொம்பது வருஷமா ஒருத்தர் வீட்ல ஒருத்தர் தூதரகம் வச்சி நடத்தற மாதிரி நடத்திக்கிட்டு வர்றோம். காலையில பாத்தியைப் பாத்துட்டு ஆறரைக்கு பஷீர் பாய் கடைக்கு வந்துடுவோம். எதிரெதிரா ரெண்டு பெஞ்சி. என் பெஞ்சி அமெரிக்கா, அவன் பெஞ்சி சைனா. நான் ஏன் அமெரிக்கான்னா, ஒண்ணாவதுலேர்ந்து அஞ்சாவது வரைக்கும் பள்ளிக்கூடத்துல நான் தின்னது அமெரிக்காக்காரன் அனுப்பின கோதுமை ரவை உப்புமா. அவன் ஏன் சைனான்னா, அவங்கிட்ட இருக்கற சைனா டார்ச் லைட் பதினோரு வருஷமா எரியுது. ஒரு மனுஷன் வெளியுறவுக் கொள்கை வச்சிக்க இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும், நீயே சொல்லு.

ஆடி ஒம்போதாம் தேதி என்ன நடந்துச்சுன்னா, தைவான் பக்கத்துல ரெண்டு நாட்டுக் கப்பலும் ஒண்ணை ஒண்ணு முறைச்சிக்கிட்டு நிக்குதுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். தைவான் சைனாவோடது, போய் எடுத்துக்க வேண்டியதுதானேன்னான் இவன். அமெரிக்கா வேடிக்கை பாத்துக்கிட்டு இருப்பானான்னேன் நான். இந்தத் தைவான் எந்தப் பக்கம்பா இருக்குதுன்னு பஷீர் பாய் கேட்டாரு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கையை நீட்டினோம். அவன் கடலைக் காட்டினான், நான் திண்டிவனம் ரோட்டைக் காட்டினேன். உலகம் உருண்டைன்றதால ரெண்டும் சரிதான்னு நான் விளக்கம் சொல்லிக்கிட்டே, கொய்யாக்காய்க்குத் தொட்டுக்க அவன் கையில கொஞ்சம் உப்பைக் குடுத்தேன். வாங்கி வாயில போட்டுக்கிட்டு அவன் சொல்றான்:

"உப்புமா தின்ன வாயி அப்படித்தான் பேசும்."

தம்பி, என்னைச் சொல்லியிருந்தா விட்டிருப்பேன். பசியில இருந்த ஒரு புள்ளைக்கு ஒருத்தன் சோறு போட்டதைச் சொல்லிட்டான். உன் டார்ச் லைட்டைப் போட்டுத் தேடினாலும் உனக்கு அறிவு கிடைக்காதுடான்னேன். எழுந்தான், துண்டை உதறினான், இன்னியோட உனக்கும் எனக்கும் ராஜாங்க உறவு முறிஞ்சதுன்னு சொல்லிட்டு, குடிச்ச டீயைப் பாதியிலயே வச்சிட்டுப் போயிட்டான். அவன் டீயைப் பாதியில வச்சதை நான் பாத்ததே இல்ல.

மறுநாள் காலையில போய்ப் பாத்தா வாய்க்கால் மடை மூடியிருக்குது. மடை மேல ஒரு அட்டை. தண்ணி வேணும்னா கடை முன்னாடி நின்னு மூணு தரம் சைனாதான் பெருசுன்னு சொல்லணுமாம், அதுக்குப் பேரு இறக்குமதி வரியாம். நான் விடுவேனா. என் வரப்புக்குக் குறுக்க கயிறு கட்டி, ஞானாம்பாளோட பழைய சிவப்புப் புடவையைக் கிழிச்சித் தொங்கவிட்டு, வான்வெளி மூடப்பட்டதுன்னு போர்டு வச்சேன். அதைத் தாண்டறவங்க அமெரிக்கா வாழ்கன்னு சொல்லிட்டுத்தான் போகணும். ரெண்டு உப்பளத்துலயும் உப்பு சுமக்கற குப்பம்மாளை உனக்குத் தெரியுமில்ல, அது தலையில கூடையோட வந்துச்சு, போர்டைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. எந்த நாடு வாழ்கன்னு சொல்லணும்னு கேட்டுச்சு. சொன்னேன். "கூலி எவன் குடுக்கறானோ அந்த நாடு வாழ்க"ன்னு சொல்லிட்டுக் கயிறைக் காலால அமுக்கித் தாண்டிப் போயிடுச்சு. போறப்போ புடவைத் துண்டையும் அவுத்து சும்மாட்டுக்கு எடுத்துக்கிச்சு. கொள்கை இல்லாத ஜனங்களை வச்சிக்கிட்டு ஒரு வல்லரசு என்னதான் பண்ணும்.

அடுத்த கட்டமா தூதர்களைத் திரும்பக் கூப்பிடறது. உலகத்துல எந்த நாடா இருந்தாலும் இதைத்தான் முதல்ல செய்யும். என் தங்கச்சி மலர்கொடிக்கு ஆள் விட்டேன், உடனே கிளம்பி வான்னு. இருபத்தொம்பது வருஷம் கழிச்சி இப்பத்தான் தங்கச்சி ஞாபகம் வந்துச்சா, ரெண்டு படி மாவு அரைச்சி வச்சிருக்கேன், புளிச்சிப் போயிடும், நீ வேணா வந்து இட்லி தின்னுட்டுப் போன்னு சொல்லி அனுப்பிட்டா. அதே நேரத்துல அவன் ஞானாம்பாளுக்கு ஆள் விட்டான். தம்பி, இவ ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. சந்தோஷமா பையைத் தூக்கிட்டா. மிக்சி, டிவி ரிமோட்டு ரெண்டையும் கூட எடுத்துக்கிட்டா, தூதரகச் சொத்தாம். இப்ப நிலைமையைக் கவனி. ரெண்டு நாட்டுத் தூதரும் அவன் வீட்ல. அவன் வீட்ல ரெண்டு மிக்சி ஓடுற சத்தம் என் வீடு வரைக்கும் கேக்குது. என் தலைநகரத்துல நானும், ஆஸ்பத்திரி டியூட்டி முடிச்சி அசந்து வர்ற சரண்யாவும், ரிமோட்டு இல்லாததால சவுண்டு குறைக்க முடியாத டிவியும் மட்டும்தான் இருக்கோம்.

கிளம்பறப்போ ஞானாம்பாள் ஒண்ணு சொன்னா, அதையும் உனக்குச் சொல்லிடறேன். உங்க சண்டைக்குக் காரணம் தைவானும் இல்ல, கிய்வானும் இல்ல. உப்பைக் கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்னு சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும், கீழ வைக்கணும், அவங்க எடுத்துக்கணும், நீ கொய்யாக்காய்க்கு அவன் உள்ளங்கையில கொட்டினே, அதான்னா. சர்வதேச விவகாரத்துல மூட நம்பிக்கையை நுழைக்காதடின்னு சொன்னேன். அவ சிரிச்சிக்கிட்டே போயிட்டா.

இதெல்லாம் கூடத் தாங்கியிருப்பேன். ஆனா மடை மூடினதுல என் பாத்தி காஞ்சி வெடிச்சிப் போச்சு. குடோன்ல இருந்த உப்பு எல்லாம் முன்னாடியே லோடு ஏறிடுச்சு. அவன் உப்பு என் வாசப்படி ஏறக்கூடாதுன்னு கடையில பத்து பேர் முன்னாடி நான் பொருளாதாரத் தடை வேற அறிவிச்சிட்டேன். போன வாரம் திங்கட்கிழமை வீட்ல ரசத்துக்கு உப்பு இல்ல. என்ன பண்றது, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு ஊருக்கு அந்தக் கோடியில இருக்கற மளிகைக் கடைக்குப் போயி, குரலை மாத்தி, ஒரு பாக்கெட் உப்பு குடுங்கன்னு கேட்டேன். திரும்பினா பின்னாடி குப்பம்மாள் நிக்குது, சோப்பு வாங்க வந்திருக்குது. பாக்கெட்டைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. சாயங்காலத்துக்குள்ள மரக்காணம் முழுக்க உப்பளத்துச் சக்கரபாணி பாக்கெட் உப்பு வாங்கினான்றது பரவிடுச்சு. பஷீர் பாய் என் டீயில தவறாம சர்க்கரையைப் போட்டுட்டு, உப்பு வேணுமான்னு கேக்கறாரு. அமெரிக்காவுக்கு இந்த மாதிரி ஒரு அவமானம் எந்தக் காலத்துலயும் வந்திருக்காது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன், அதுக்குத்தான் இந்தக் கடிதம். சரண்யாவுக்கு ஆவணி இருபதாம் தேதி கல்யாணம், மாப்பிள்ளை பெருமுக்கல். பொண்ணுக்கு மாலை போட்டு, கையைப் புடிச்சி மணவறைக்குக் கூட்டிக்கிட்டு வர வேண்டியவன் தாய்மாமன். அந்தத் தாய்மாமன் யாருன்னா, ஞானாம்பாளுக்குக் கூடப் பொறந்த ஒரே அண்ணன், அந்த டார்ச் லைட்டுக்காரன். நம்ம வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பொண்ணு மாமியார் வீட்டுக்குள்ள முதல் அடி வைக்கறப்போ ஒரு சட்டி உப்போடதான் போகணும், அது தாய்மாமன் பாத்தியில வாரின உப்பா இருக்கணும். சண்டை சூட்டுல பத்திரிகையில அவன் பேரை மறைக்கணும்னு ஸ்டிக்கர் அடிக்கக் குடுத்துட்டேன். ஸ்டிக்கர்ல என்ன போடறதுன்னு பிரஸ்காரன் கேட்டான். எனக்கு வேற ஒண்ணும் தோணல, 'பேச்சுவார்த்தை நடைபெற்று வருகிறது'ன்னு போடச் சொல்லிட்டேன். இப்ப நானூறு பத்திரிகையிலயும் தாய்மாமன்னு போட்டு அதுக்கு நேரா பேச்சுவார்த்தை நடைபெற்று வருகிறதுன்னு இருக்குது. பெருமுக்கல் சம்பந்தி போன் பண்ணி, பொண்ணுக்குத் தாய்மாமன் இருக்காரா இல்லையான்னு கேட்டாரு. இருக்காரு, ஆனா இப்போதைக்கு அங்கீகரிக்கலைன்னேன். அவரு அப்புறம் பேசறேன்னு வச்சிட்டாரு, இன்னும் பேசல.

சரண்யா சத்தம் போடற பொண்ணு இல்ல, உனக்குத் தெரியும். டியூட்டிலேர்ந்து வந்தவ பத்திரிகையைப் பாத்தா, அடுப்பு மேல இருந்த பாக்கெட்டைப் பாத்தா. "அப்பா, இந்த பாக்கெட் உப்பைச் சட்டியில கொட்டி எடுத்துக்கிட்டுப் போறதா இருந்தா நான் கல்யாணத்துக்கே வரல"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. அன்னைக்கு ரசத்தை நான் சாப்பிடல.

அதனாலதான் போன வாரம் யாரும் இல்லாத குடோனுக்குள்ள நின்னு உனக்கு ஒரு தரம் போன் பண்ணேன், ஞாபகமிருக்கா. நீ போன லீவுல வந்தப்போ, உங்க ஓட்டல்ல ரெண்டு விரோதி நாட்டுக்காரங்க வந்து உக்காந்து பேசினாங்க, நீதான் டீ குடுத்தே, உள்ள போறப்போ மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டுப் போனவங்க வெளிய வர்றப்போ கை குலுக்கினாங்கன்னு சொன்னியே. எந்த நாடுன்னு கேட்டதுக்கு வாயைத் திறக்கல. அப்பவே தெரிஞ்சிக்கிட்டேன், நம்ம ஊர்லயே ராஜதந்திரம் தெரிஞ்ச ஒரே ஆள் நீதான்னு. போன்ல நீ, மேஜை வட்டமா இருக்கணும்ணே, அப்பத்தான் யாரும் தலைமாட்டுல உக்கார முடியாதுன்னு சொன்னே. வேற ஏதோ கூடச் சொல்ல வந்தே, அதுக்குள்ள பேலன்ஸ் தீந்துடுச்சு.

உன் பேச்சை நம்பி போன வெள்ளிக்கிழமை நடுநிலை நாடான பஷீர் பாய் கடையில ஏற்பாடு பண்ணேன். வட்ட மேஜைக்கு எங்க போறது. உங்க அண்ணன் பிரியாணி தேக்சா மூடியைக் கவுத்து ஒரு டிரம் மேல வச்சாரு. வட்டம்தான், நான் குறை சொல்லல. ஆனா நான் ஒரு பாயிண்டை அழுத்திச் சொல்ல முழங்கையை ஊனினா அவன் டீ கொட்டுது, அவன் ஊனினா என் டீ கொட்டுது. ரெண்டு பேரும் கையைத் தூக்கி வச்சிக்கிட்டே பேசினோம். முதல் அயிட்டம் தைவான். மடையும் கல்யாணமும் கடைசியில பாத்துக்கலாம், அதெல்லாம் உள்நாட்டு விவகாரம்னு முடிவு பண்ணிட்டோம். தைவானை யாரு வச்சிக்கறதுன்றதுலயே மூணு டீ போயிடுச்சு. நடுவுல அவன் ஒரு தரம் சரண்யா எப்படி இருக்குதுன்னு கேட்டான், கேட்டவன் உடனே அது அஜெண்டாவுல இல்ல, அழிச்சிடுங்கன்னு சொல்லிட்டான். அதுக்குள்ள ஜும்மா நேரம் வந்துடுச்சு, பஷீர் பாய் தொப்பியை எடுத்து மாட்டிக்கிட்டு, மூடியைக் குடுங்கப்பா, சாதத்துக்கு தம் போடணும்னு மேஜையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு கிளாஸைக் கையில புடிச்சிக்கிட்டு, நடுவுல ஒரு டிரம்மோட கொஞ்ச நேரம் உக்காந்திருந்தோம். அப்புறம் அவன் கிழக்க போனான், நான் மேற்க போனேன்.

ஆகவே தம்பி, நீ எனக்கு எழுத வேண்டியது இதுதான். அங்க வர்ற நாட்டுக்காரங்க எதுல ஆரம்பிக்கறாங்க? யாரு முதல்ல எழுந்து வர்றாங்க? முதல்ல எழுந்தவன் தோத்தவன்னு பேப்பர்ல போடாம இருக்க என்ன ஏற்பாடு பண்றாங்க? அன்னைக்கு மேஜை வட்டமா இருக்கணும்னு சொல்லிட்டு வேற என்ன சொல்ல வந்தே? இதோட ஒரு அதிரகசியத்தையும் உன்கிட்ட ஒப்படைக்கிறேன். வேற வழியே இல்லன்ற கட்டத்துல, அதுவும் அவனா கேட்டான்னா மட்டும், தைவானை விட்டுக் குடுக்க நான் தயார். அமெரிக்காகிட்ட இன்னும் சொல்லல. உன்கிட்ட மறைக்க என்ன இருக்குது, பத்தொம்பது நாளா எதிர் பெஞ்சியில ஆள் இல்லாம எனக்கு டீ தொண்டையில இறங்கல. நான் அமெரிக்கா பெருசுன்னு சொல்றேன், இல்லன்னு சொல்ல ஒருத்தனும் இல்ல. ஆமாம்ணே, கரெக்டுண்ணேன்னு தலையை ஆட்டறானுங்க. அவனுங்களைப் பாத்தாலே எரிச்சலா வருது.

ஆனா இதை மட்டும் குறிச்சிக்கோ. அவனா வந்து மடையைத் திறக்காத வரைக்கும் நான் அவன் வரப்புல கால் வைக்க மாட்டேன். அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். இது என் கடைசி முடிவு, மாத்திக்க மாட்டேன்.

மற்றபடி அங்கே வெயிலில் ஜாக்கிரதையாக இரு. மேனேஜரோடு மல்லுக்கு நிற்காதே. இங்கே நம் ஊர்க் கோயில் பூமீஸ்வரரும், நீ தொழுகிற அல்லாஹ்வும் கலந்து பேசி உன்னையும் உன் பிள்ளை குட்டிகளையும் நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும். ரூம் நண்பர்கள் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லு. அதில் சைனா பக்கம் பேசுகிறவன் யாராவது இருந்தால் அவனுக்கு மட்டும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்,
சக்கரபாணி.

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் படிக்காதே. படிச்சிருந்தா மறந்துடு. இன்னைக்கு வியாழக்கிழமை காலையில ஹம்தான் ஊறுகாயை வாங்க வந்தான். அவன் பையில ஏற்கனவே ஒரு கவர் இருந்துச்சு, மேல உன் பேரு, புருஷோத்தமன் கையெழுத்து. தூதர் கொண்டு போற பையை நடுவழியில திறக்கறது உலகச் சட்டப்படி குத்தம்னு போன வருஷம் நான்தான் கடையில ஒரு மணி நேரம் பேசினேன். திறந்துட்டேன். நாலே நாலு வரி. "தமீம், அங்க சமாதானம் பேசறவங்க யாரு முதல்ல எழுந்து வருவாங்கன்னு விசாரிச்சி எழுது. தைவானை அந்த உப்புமாக்காரனே வச்சிக்கட்டும், எனக்கு வேணாம். சரண்யாவுக்கு நல்லதா பாத்து உப்பு வாரி வச்சிட்டேன். பத்திரிகையில என் பேரு இல்லாட்டியும், மண்டபத்து வாசல்ல நின்னு குடுத்துட்டு வந்துடலாமான்னு கேட்டுச் சொல்லு."

கண்ணு தெரியல தம்பி, செருப்பு கூட மாட்டல, வரப்பு மேல ஓடினேன். நான் கட்டின கயிறு தடுக்கி நானே விழுந்தேன். எழுந்து பாத்தா மடைகிட்ட அவன் குனிஞ்சி பலகையைத் தூக்கிக்கிட்டு இருக்கான், தண்ணி என் பக்கம் வந்துக்கிட்டு இருக்குது. பக்கத்துல துணி கட்டின சட்டி. வான்வெளி மூடியிருக்குன்னாங்க, அதான் இங்கயே நின்னுட்டேன்னான். தைவானை நீயே வச்சுக்கோ மச்சான்னேன். சேச்சே, நீ வச்சுக்கோன்னான். நீ வச்சுக்கோ, நீ வச்சுக்கோன்னு கடை வரைக்கும் வந்துட்டோம். கடைசியில உங்க அண்ணன்தான், அது அங்க இருக்கறவங்ககிட்டயே இருக்கட்டும்பா, டீ ஆறுதுன்னாரு. இத்தனை நாளா எங்க ரெண்டு பேருக்கும் அது தோணவே இல்ல.

ஞானாம்பாள் மிக்சியோட திரும்பி வந்துட்டா. ஸ்டிக்கரை உரிச்சா பேரும் சேந்து உரியுது, அதனால சரண்யா உக்காந்து நானூறு பத்திரிகையிலயும் மாமா பேரைப் பேனாவால எழுதிக்கிட்டு இருக்கா. சம்பந்திக்கு புருஷோத்தமனே போன் பண்ணிட்டான். நீ பதில் எழுத வேண்டாம், கல்யாணத்துக்கு லீவு கிடைச்சா வா. ஒரே ஒரு கவலைதான். மடைகிட்ட அவன் அந்த உப்புச் சட்டியை எடுத்து நீட்டினான், நானும் யோசிக்காம ரெண்டு கையாலயும் வாங்கிட்டேன். பின்னாடியே வந்த ஞானாம்பாள் அதைப் பாத்துட்டு, கீழ வச்சி எடுக்கத் தெரியாதான்னு தலையில அடிச்சிக்கிட்டா. கட்டாயம் அடுத்த சண்டை இருக்குதாம். எந்த நாட்டைப் பத்தின்னு எங்களுக்கே இன்னும் தெரியல, இன்னைக்குப் பேப்பர் இன்னும் வரல.